சல்லடை, வாளி, ஊசி



மதரஸாவில் நம் பிள்ளைகள் அலிஃப், பே முடித்து அம்ம ஜுஸ்உவைக் கையில் எடுத்ததும் முதலில் மனப்பாடம் செய்யும் சிறிய சூராக்களில் ஒன்று சூரத்துல் மாஊன். திருமறையின் 107-வது அத்தியாயம். ஏழே ஆயத்துகள். சிறியது என்பதாலேயே நாம் அதை அவசரத்திற்கு வைத்திருக்கிறோம். பஸ்ஸுக்கு நேரமாகி விட்டால் அந்த சூரா. அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தால் அந்த சூரா. தொழுகையில் அசட்டையாக இருப்போருக்குக் கேடுதான் என்று எச்சரிக்கும் சூராவையே நாம் அசட்டையான தொழுகைக்குத் தேர்ந்தெடுத்துக் கொண்டோம் என்பதை எண்ணினால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த சூரா என்ன சொல்கிறது? தீர்ப்பு நாளைப் பொய்யென்று கருதுபவன் யார் தெரியுமா என்ற கேள்வியோடு அல்லாஹுத்தஆலா அதைத் தொடங்குகிறான். அநாதையை விரட்டுபவன், ஏழைக்கு உணவளிக்கும்படி பிறரைத் தூண்டாதவன் என்று அவனுக்கு அடையாளம் காட்டுகிறான். அடுத்து, தொழுகையாளிகள் பக்கம் திரும்புகிறான். தம் தொழுகையைப் பற்றிய கவனமில்லாதவர்கள், பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்பவர்கள், 'மாஊன்' என்பதைக் கொடுக்காமல் தடுத்துக் கொள்பவர்கள் என்று அவர்களை வரிசைப்படுத்தி முடித்து விடுகிறான்.

மாஊன் என்றால் என்ன?

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். நாயகத் தோழர்களில் ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களும் இப்னு உமர் (ரலி) அவர்களும் அது ஜகாத்தைக் குறிக்கும் என்றார்கள். ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களோ, பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் நாங்கள் மாஊன் என்று கருதியது வாளியையும் சமையல் பானையையும் இரவல் கொடுப்பதைத்தான் என்று விளக்கினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் மாணவரான இக்ரிமா (ரஹ்) அவர்கள் இந்த இரு கருத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுச் சொன்னார்கள். மாஊனின் உச்சி ஜகாத். அதன் அடி சல்லடையும் வாளியும் ஊசியும் என்பது அவர்களின் விளக்கம்.

ஊசி! ஜகாத்தோடு ஒரே சொல்லுக்குள் ஓர் ஊசி அடங்கி விட்டது. வருடத்திற்கொரு முறை கணக்குப் பார்த்து நாற்பதில் ஒரு பங்கை எடுத்து வைத்து விட்டு, "நம் கடமை தீர்ந்தது" என்று நெஞ்சை நிமிர்த்தும் நம்மைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்திதான். ஜகாத் கொடுக்க நிஸாப் வேண்டும். சல்லடை கொடுக்க நிஸாப் எதற்கு? பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசலில் வந்து நிற்பது ஒன்றே போதும்.

பிறர் வீட்டுக் கதையை எழுதுவது எளிது. ஆகவே நம் வீட்டுக் கதையையே எழுதி விடுகிறோம். நமக்கு அப்போது பத்து வயது இருக்கும். ரமழான் பிறை 26. வெளியே நல்ல வெயில். அடுத்த வீட்டுச் சிறுமி வந்து, "மாமி, உம்மா சல்லடை வாங்கிட்டு வரச் சொன்னாங்க. இடியாப்ப மாவு சலிச்சுட்டு அஸருக்குள்ள தந்துடுறோம்" என்றாள். நம் தாயார், அல்லாஹ் அவர்களின் கப்ரை ஒளியாக்கி வைப்பானாக, கையில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருந்தார்கள். "சல்லடை கிழிஞ்சு போச்சேம்மா" என்றார்கள். சல்லடையோ அவர்களின் தலைக்கு மேலே சுவரில் ஆணியில் தொங்கிக் கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை அதை ஒரு தடவை பார்த்தது. "சரி மாமி" என்று சொல்லி விட்டுப் போய் விட்டது.

தாயார் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பித்தளை வலை போட்ட நல்ல சல்லடை அது. முந்திய வருடம் அதே வீட்டுக்குத்தான் இரவல் போயிற்று. பதினைந்து நாள் கழித்து, இரண்டு முறை கேட்டனுப்பிய பிறகு, விளிம்பு வளைந்து திரும்பி வந்தது. மன்னிப்பாக ஒரு வார்த்தையும் கூட வரவில்லை. இப்படிப்பட்ட அனுபவம் நம் வாசகச் சகோதரிகளில் யாருக்குத்தான் இல்லை? ஆகையால், "கொடு, கொடு" என்று கொடுப்பவருக்கு மட்டுமே உபதேசம் செய்து விட்டுப் போவது நேர்மையாகாது. வாங்குகிறவர் எப்படி நடக்க வேண்டும் என்பதையும் மார்க்கம் சொல்லித்தான் இருக்கிறது.

இரவல் வாங்கிய பொருள் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டியது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். கூறியதோடு நில்லாமல், அவர்களே இரவல் வாங்கியும் காட்டினார்கள். மதீனாவில் ஒருநாள் எதிரிகள் வருகிறார்கள் என்று பீதி கிளம்பிற்று. நாயகம் (ஸல்) அவர்கள் அபூதல்ஹா (ரலி) அவர்களின் 'மந்தூப்' என்ற குதிரையை இரவல் கேட்டு வாங்கி, அதிலேறிப் போய்ப் பார்த்து விட்டுத் திரும்பினார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று மக்களிடம் அறிவித்தவர்கள், அந்தக் குதிரையையும் பாராட்டினார்கள். கடலைப் போல் பாய்கிறது என்றார்கள். இரவல் கொடுத்தவரின் பொருளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை! புகாரியில் இடம்பெற்றுள்ள இந்தச் செய்தியைப் போர்க்களத்து வீரத்திற்கு உதாரணமாகவே நாம் சொல்லி வருகிறோம். அடுத்த வீட்டு ஏணியைத் திருப்பிக் கொடுக்கும் போது நினைத்துப் பார்க்கவும் ஏற்ற செய்தி அது.

ஹிஜ்ரி 8-ல் ஹுனைன் போருக்குப் புறப்பட்ட போது ஸஃப்வான் இப்னு உமய்யாவிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் போர்க் கவசங்களைக் கேட்டார்கள். ஸஃப்வான் அப்போது இஸ்லாத்தைத் தழுவியிருக்கவில்லை. மக்கா வெற்றி கொள்ளப்பட்ட புதிது. "பறித்துக் கொள்கிறீர்களா?" என்ற பொருளில் அவர் கேட்டார். இல்லை, திருப்பித் தரும் பொறுப்புடன் இரவலாகவே கேட்கிறோம் என்றார்கள் நபிகளார். வெற்றி பெற்றவர், தோற்றவரிடம் இரவல் கேட்கிறார்! போர் முடிந்து எண்ணிப் பார்த்ததில் சில கவசங்கள் குறைந்தன. அவற்றுக்கு ஈடு தருகிறோம் என்று தாமாகவே முன்வந்தார்கள். வேண்டாம் என்று விட்டார் ஸஃப்வான். அன்று என் உள்ளத்தில் இல்லாதது இன்று என் உள்ளத்தில் இருக்கிறது என்று அதற்குக் காரணம் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது.

அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் சம்பவம் இன்னும் நெருக்கமானது. அவர்கள் பிரயாணத்தில் அணிந்திருந்த கழுத்து மாலை, தமக்கை அஸ்மா (ரலி) அவர்களிடம் இரவல் வாங்கியது. வழியில் அது தொலைந்து போயிற்று. அதைத் தேடுவதற்காக நாயகம் (ஸல்) அவர்கள் தங்கி விட்டார்கள். கூட வந்தவர்களும் தங்க நேர்ந்தது. அந்த இடத்திலோ தண்ணீர் இல்லை. தந்தை அபூபக்ர் (ரலி) அவர்கள் வந்து மகளைக் கடிந்து கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் தயம்மும் பற்றிய ஆயத்து இறங்கிற்று. கடைசியில் ஒட்டகத்தை எழுப்பியபோது அதன் அடியிலேயே மாலை கிடந்தது. தண்ணீர் கிடைக்காத இடத்தில் மண்ணில் கை வைத்து நாம் தயம்மும் செய்யும் ஒவ்வொரு வேளையும், ஒரு சகோதரியின் இரவல் மாலைக்காக ஒரு கூட்டமே காத்து நின்ற அந்த விடியற்காலைக்கு நாம் கடன்பட்டவர்கள்.

அதே அன்னையாரிடம் ஐந்து திர்ஹம் பெறுமான உடை ஒன்று இருந்ததாம். மதீனாவில் எந்தப் பெண்ணை மணக்கோலத்தில் அலங்கரிப்பதானாலும் அதை இரவல் கேட்டு ஆள் வரும் என்று அவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். இப்போது வீட்டு வேலைக்காரிகூட அதை அணிய மறுக்கிறாள் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். நம் ஊர்களிலும் கல்யாண வீட்டுக்குச் சங்கிலியும் வளையலும் இரவல் போய் வந்த காலம் உண்டு. இன்று மணப்பெண் அலங்காரத்துக்கென்றே வாடகைக் கடைகள் வந்து விட்டன. கடையைக் குறை சொல்லவில்லை. ஆனால் தாயில்லாப் பெண்ணொருத்திக்கு அடுத்த வீட்டு மாமி தன் சங்கிலியைக் கழற்றிப் போட்டு அழகு பார்த்ததற்கு எந்தக் கடை வாடகை குறிக்க முடியும்?

சட்டமும் தெரிந்திருப்பது நல்லது. இரவல் வாங்கிய பொருள், அனுமதித்த வகையில் பயன்படுத்தித் தேய்ந்ததல்லாமல் வேறு விதமாகக் கெட்டுப் போனால், வாங்கியவர் கவனமாக இருந்திருந்தாலும் ஈடு தர வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஹனஃபி மத்ஹபில் அது அமானிதம். அசட்டையாலோ அத்துமீறலாலோ கெட்டால் மட்டுமே ஈடு. எந்த மத்ஹபும், வளைந்த விளிம்பைக் காட்டாமல் திருப்பி வைத்து விட்டு வரச் சொல்லவில்லை!

கொடுக்க மறுப்பது எந்த அளவுக்குக் குற்றம் என்றும் திருமறை விரிவுரையாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். நெருக்கடியில் கேட்பவருக்கு மறுப்பது தடுக்கப்பட்டதாகவும் ஆகலாம். சாதாரண நேரத்தில் மறுப்பது மனிதப் பண்புக்கு இழுக்கு என்று விளக்கினார்கள். ஆக, கேட்ட போதெல்லாம் எதையும் தூக்கிக் கொடுத்தே தீர வேண்டும் என்பதல்ல. உடைப்பதையே வழக்கமாகக் கொண்டவரிடம், "நீங்களே இங்கு வந்து சலித்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். அதில் பொய் இல்லை, விரட்டுதலும் இல்லை. நம் தாயார் அன்று அதைச் சொல்லியிருக்கலாம்.

பொருள்தான் மாஊன் என்பதும் இல்லை. கைவேலையும் மாஊன்தான் என்பது நம் கருத்து. மேலே சொன்ன அதே அஸ்மா (ரலி) அவர்கள் மதீனாவுக்குப் புதிதாக வந்த காலம். கணவர் ஸுபைர் (ரலி) அவர்களிடம் ஒரு குதிரையும் தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும் தவிர வேறு சொத்து இல்லை. குதிரைக்குத் தீனி வைப்பதும், தண்ணீர் எடுப்பதும், மாவு பிசைவதும், தொலைவிலிருந்த நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவதும் அவர்களே. ஆனால் ரொட்டி சுட மட்டும் அவர்களுக்குச் சரியாக வராது. அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்கள் சுட்டுக் கொடுப்பார்கள். அவர்கள் உண்மையான பெண்கள் என்று வெகுகாலம் கழித்தும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள் அஸ்மா (ரலி) அவர்கள். பெயர் கூடத் தெரியாத அந்தப் பெண்கள் ஹதீஸ் நூலில் இடம்பெற்றது ரொட்டி சுட்டுக் கொடுத்ததற்காக!

இன்றைய மாஊன் எது என்று ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வாசலில் நின்று யோசிக்கலாம். சல்லடை கேட்டு வருபவர் இப்போது குறைவுதான். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டு முதியவரின் இன்சுலின் மருந்துக்கு நம் பெட்டியில் ஒரு மூலை கேட்டு வருவார்கள். படிவம் நிரப்பத் தெரியாத தாய், பேத்தியின் பள்ளிக்கூடக் காகிதத்தோடு வருவார். கொரோனாவால் 2020-ல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டுப் பாடங்களெல்லாம் கைப்பேசிக்குள் போய் விட்ட நாட்களில், வாப்பாவிடம் இருக்கும் ஒரே போனும் வேலைக்குப் போய் விட, அடுத்த வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் போன் கேட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எத்தனை பேர்! கொடுத்தவர்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. "சார்ஜ் இல்லை" என்று சொல்லி அனுப்பியவர்களும் உண்டு. அந்தச் சொல்லுக்கும் நம் வீட்டுச் சொல்லுக்கும் என்ன வித்தியாசம்?

தண்ணீர் விஷயம் இன்னும் கடுமையானது. மறுமையில் அல்லாஹ் பேசவோ பார்க்கவோ விரும்பாத மூவரைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அவர்களில் ஒருவன், தன் தேவைக்கு மிஞ்சிய தண்ணீரைக் கொடுக்காமல் தடுத்தவன். உன் கைகள் உண்டாக்காத ஒன்றில் மிச்சமிருந்ததை நீ தடுத்தாய். இன்று என் அருளை உனக்கு நான் தடுக்கிறேன் என்ற கருத்தில் அவனிடம் சொல்லப்படுமாம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு லாரிக்காக இரவெல்லாம் காத்துக் கிடந்தார்கள். ஆழ்குழாயில் தண்ணீர் இருந்த வீட்டார் சிலர் தெருவுக்கு ஒரு குழாயை நீட்டி வைத்தார்கள். சிலர் கேட்டைப் பூட்டினார்கள். மோட்டார் நம்முடையது, மின்கட்டணம் நம்முடையது என்பதெல்லாம் சரி. தண்ணீர் யாருடையது?

ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனித்துக் கொள்ளும்படி அபூதர் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் உபதேசித்ததை நாம் எல்லோரும் அறிவோம். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கறியைக் கூட்டும்படி சொல்லவில்லை, தண்ணீரைத்தான். கறி வாங்க முடியாத ஏழையும் செய்யக்கூடிய தர்மமாக அது ஆகி விட்டது. ஆட்டுக் குளம்பே ஆனாலும் அண்டை வீட்டுக்காரி கொடுப்பதை அற்பமாக எண்ணாதீர்கள் என்று முஸ்லிம் பெண்களுக்கு அறிவுறுத்தியதும் இதே வகைதான். கொடுப்பவளுக்கும் அது தைரியம், பெறுபவளுக்கும் அது பாடம்.

ஒரு பெண்மணியைப் பற்றி நாயகத்திடம் சொல்லப்பட்டது. அதிகமாகத் தொழுகிறாள், நோன்பு நோற்கிறாள், தர்மம் செய்கிறாள். ஆனால் நாவினால் அண்டை வீட்டாரை வேதனைப்படுத்துகிறாள். அவள் நரகத்தில் என்றார்கள். இன்னொருத்தி, கடமைக்கு மேல் அதிகமாக வணக்கம் இல்லாதவள். காய்ந்த பாலாடைக் கட்டித் துண்டுகளைத்தான் தர்மம் செய்வாள். ஆனால் அண்டை வீட்டாருக்கு அவளால் நோவு இல்லை. அவள் சுவர்க்கத்தில் என்றார்கள். இதைக் கேட்டு விட்டு, "அப்படியானால் தொழுகை முக்கியமில்லை போலும்" என்று யாராவது நினைத்தால் அவர் ஹதீஸைத் தலைகீழாகப் பிடித்தவர். தொழுகையாளி என்பதால்தான் அவளிடம் கூடுதலாக எதிர்பார்க்கப்பட்டது.

அண்டை வீட்டார் என்றால் யார்? ஹஜ்ரத் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டது. வீட்டுக்குள் வந்ததும் அவர்கள் கேட்டது, "நம் அண்டை வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா?" என்பதுதான், திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அண்டை வீட்டாரை வாரிசாக்கி விடுவாரோ என்று எண்ணுமளவு ஜிப்ரீல் (அலை) அவர்கள் தமக்கு வலியுறுத்திக் கொண்டே இருந்ததாகப் பெருமானார் சொன்னதைத் தாம் கேட்டிருப்பதாக அதற்கு அவர்கள் காரணமும் கூறினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யாரோ அவர் அண்டை வீட்டார். அவ்வளவுதான்.

நம் வீட்டுச் சல்லடைக்கு வருவோம். அன்று இரவு 27-ம் இரவு. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஹஜ்ரத்தின் பயான் தெரு முழுவதும் கேட்டுக் கொண்டிருந்தது. பெண்களெல்லாம் திண்ணைகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஹஜ்ரத் சூரத்துல் மாஊனை ஓதி விளக்கிக் கொண்டே வந்து, இக்ரிமா (ரஹ்) அவர்களின் விளக்கத்தில் "சல்லடை" என்ற சொல்லைச் சொன்னார். நம் தாயார் எழுந்து உள்ளே போய் விட்டார்கள். ஸஹர் நேரத்தில் கூட யாருடனும் பேசவில்லை.

ஸுபுஹ் தொழுததும் ஆணியிலிருந்து சல்லடையைக் கழற்றிக் கொண்டு அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டார்கள். நாமும் பின்னால் ஓடினோம். அங்கே மாவு சலித்துக் கொண்டிருந்தார்கள், வேறொரு சல்லடையால். தெருக்கோடித் தையற்காரர் வீட்டுச் சல்லடை அது. அவர்கள் இந்துக்கள். நோன்பு நோற்காத அந்த வீட்டிலிருந்து நம் பெருநாளுக்குச் சல்லடை வந்திருந்தது.

"வாங்க லாத்தா, உட்காருங்க" என்றார் அந்த அம்மையார். தாயார் உட்காரவில்லை. அந்தச் சிறுமியைப் பார்த்து, "நேத்து மாமி உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றார்கள். பிள்ளை தன் உம்மாவின் பின்னால் ஒளிந்து கொண்டது. "தொங்குறதைப் பார்த்தேன்னு வந்து சொன்னா லாத்தா. போன தடவை விளிம்பை வளைச்சுக் கொடுத்தது நாங்கதானே, அதான் கேட்க எனக்கே கூச்சமா இருந்துச்சு, பிள்ளைய அனுப்பினேன்" என்றார் அவர். பிறகு இருவரும் ஆளுக்கொரு சல்லடையை வைத்துக் கொண்டு உட்கார்ந்து மாவு முழுவதையும் சலித்து முடித்தார்கள்.

பெருநாள் காலையில் நம் வீட்டு வட்டலப்பத்தில் முதல் தட்டு தையற்காரர் வீட்டுக்குப் போயிற்று. தூக்கிக் கொண்டு போனது நாம்தான்.